அறுவடைக்கு முந்தின மாதத்துத் தூக்கம்: மன அழுத்தம் பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. மனநல ஆலோசகராகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் குழுக் கூட்டம், விவசாயிகள் கூட்டம், பள்ளிக்கூடம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசுகிறவள். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

மன அழுத்தம் என்கிறீர்களே, அது வியாதியா?

இல்லை. நம் சக்திக்கு மீறின ஒன்று நம் தலையில் விழுகிறது என்று தோன்றும்போது உடம்பும் மனசும் காட்டும் பதில் அது. எங்கள் பக்கத்தில் யாரும் "எனக்கு மன அழுத்தம்" என்று சொல்ல மாட்டார்கள். "ஒரே யோசனையா இருக்கு" என்பார்கள். "நெஞ்சு படபடங்குது", "தலை கனக்குது", "வெறுத்துப்போச்சு" என்பார்கள். எல்லாம் இதைத்தான் சொல்கின்றன.

வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பு நெளிகிறது என்று வையுங்கள். யோசிப்பதற்கு முன்பே நீங்கள் துள்ளி விலகியிருப்பீர்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை கால்களுக்கு ரத்தம் பாய்கிறது. எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடம்பு செய்யும் ஏற்பாடு இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே எழுதிவிட்டார். பாம்பு போனதும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

கடன் அப்படிப் போய்விடுவதில்லை. அது ராத்திரி இரண்டு மணிக்கும் காலடியிலேயே கிடக்கிறது. 1936-ல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளை வைத்துப் பார்த்தார். குளிரோ, காயமோ, மருந்தோ, எந்த வகைத் தொல்லை கொடுத்தாலும் உடம்புக்குள் ஒரே மாதிரி மாற்றங்கள் நடந்தன. முதலில் பதறுகிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, தொல்லை நீண்டுகொண்டே போனால் ஓய்ந்துவிடுகிறது. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மாதக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். "யோசனைதான், உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். டிப்ரஷன் என்கிற மனச்சோர்வையும் பலர் மன அழுத்தம் என்றே சொல்கிறார்கள், பத்திரிகைகளிலும் அப்படி வருகிறது. இரண்டும் வேறு வேறு. மனச்சோர்வு சிகிச்சை தேவைப்படும் நோய். அழுத்தம் நீண்டால் அதில் கொண்டுபோய் விடக்கூடும்.

ஒரே புயல், ஒரே நஷ்டம். ஒருத்தர் எழுந்துவிட்டார், இன்னொருத்தர் படுத்துவிட்டார். ஏன்?

இந்தக் கேள்வியை நானே எனக்குள் பல வருஷம் கேட்டிருக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரைக்கும் தென்னையைச் சாய்த்துக்கொண்டே போனது. எங்கள் தோப்பு ஒரத்தநாட்டுப் பக்கம். விடிந்து பார்த்தபோது மேடு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. அப்பா பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

அப்பா திண்ணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மூன்று மாதம் சரியாகப் பேசவில்லை. அம்மா அன்று மதியமே அரிவாளை எடுத்துக்கொண்டு, விழுந்த மட்டைகளைக் கழிக்கப் போய்விட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டாள். ஊரில் எல்லோரும் "உங்க அம்மா தைரியசாலி, அப்பாதான் ஒடஞ்சிட்டாரு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் படித்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984-ல் இதை விரிவாக விளக்கினார்கள். ஒரு சம்பவம் நடந்ததும் மனம் இரண்டு கணக்குப் போடுகிறது. இது எனக்கு எவ்வளவு பெரிய அடி என்பது ஒன்று. இதைச் சமாளிக்க என் கையில் என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. அழுத்தத்தின் அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியைப் பொறுத்தது.

இதை எங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். அம்மாவுக்கு அந்தத் தோப்பு ஒரு வருமானம். அப்பாவுக்கோ அது அவர் வாழ்க்கையின் கணக்குப் புத்தகம். அக்கா கல்யாணம், என் படிப்பு, அவருடைய பேர் எல்லாம் அந்த மரங்களில்தான் இருந்தன. கையில் இருந்தது என்ன? அம்மாவுக்குச் சமையல், மாடு, குழுவில் பத்துப் பெண்கள் என்று மறுநாளே செய்ய வேலைகள் இருந்தன. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வேலை தோப்பு, அது போய்விட்டது. நெட்டைத் தென்னை வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அவருக்கு அப்போது 63 வயது. கடன் அவர் பேரில் இருந்தது, பேங்கில் பேச வேண்டியதும் அவர்தான். ஒரே புயல் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே அடியைக் கொடுக்கவில்லை.

அதனால் யாராவது படுத்துவிட்டால் "ஏன் இவ்வளவு கோழையா இருக்கார்" என்று கேட்காதீர்கள். அவருக்கு இது எதைப் பறித்தது, அவர் கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சேமிப்பு இருக்கிறதா, பேச ஆள் இருக்கிறதா, சொந்த நிலமா குத்தகையா, முன்பு இப்படி ஒன்றைத் தாண்டி வந்த அனுபவம் உண்டா, உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். பிறவிச் சுபாவமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சிலர் சின்னச் சத்தத்துக்கே திடுக்கிடுவார்கள், சிலர் இடி விழுந்தாலும் திரும்பிப் படுப்பார்கள். ஆனால் அதை மட்டுமே காரணமாக்குவது அநியாயம்.

வீட்டுக்காரர் அறுவடைக்கு முந்தின மாதம் முழுக்க எரிந்து விழுகிறார். சொன்னதையே மறக்கிறார். அறுவடை முடிந்தால் வேறு ஆள். இது என்ன?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ என்ற ஆய்வாளர்கள் 2013-ல் அதை வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும்போது, அதே விவசாயி புதிர்களிலும் கவனச் சோதனைகளிலும் குறைவாகச் செய்தார். பணம் வந்தபின் நன்றாகச் செய்தார். ஆள் மாறவில்லை. பணக் கவலை மனசின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சம்பா கதிர் பால் பிடிக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். உரக்கடை பாக்கி, நகைக்கடன் வட்டி, ஆள் கூலி, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் ஒரே தலைக்குள் சுற்றுகின்றன. அதற்கு நடுவில் நீங்கள் "ரேஷன் கடைக்குப் போனீங்களா" என்று கேட்டால் அவர் காதில் விழாது, விழுந்தாலும் எரிச்சலாக வரும். எரிந்து விழுவதை நீங்கள் பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கை ஓங்கினால் அது வேறு விஷயம், எந்த அழுத்தமும் அதற்குச் சாக்கு ஆகாது.

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். அந்த ஒரு மாதத்தில் பெரிய முடிவு எதையும் அவர் தனியாக எடுக்க விடாதீர்கள். புதுக் கடன், நிலம் ஒத்திக்கு விடுவது, மகளுக்கு வரன் பேசுவது எல்லாம் தைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு நோட்டில் எழுதி மாடத்தில் வையுங்கள். தலைக்குள் சுமப்பதைத் தாளில் இறக்கிவைத்தாலே பாரம் கொஞ்சம் குறையும்.

நஷ்டம் வந்துவிட்டால் கூடத் தாங்கிக்கொள்ளலாம். வருமா வராதா என்று காத்திருப்பதுதான் கொல்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லோருக்கும் அப்படித்தான், எலிக்கும்கூட. 1970களின் தொடக்கத்தில் ஜே வைஸ் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு ஒரே அளவு மின்அதிர்ச்சி கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு ஒலி எழுப்பி எச்சரித்தார். எச்சரிக்கை கிடைத்த எலிகளுக்கு வயிற்றுப்புண் மிகக் குறைவாகவே வந்தது. எப்போது விழும் என்று தெரியாத எலிகளுக்கு ஒரு நிமிடம்கூட உடம்பைத் தளர விட முடியவில்லை.

டெல்டா விவசாயியின் வருஷம் அந்த எலியின் கூண்டு மாதிரித்தான் ஆகிவிட்டது. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. குறுவைக்கு நாற்றங்கால் விடுவதா, சம்பாவுக்குக் காத்திருப்பதா, பம்புசெட்டை நம்பி இறங்குவதா என்று அணையின் அடிக்கணக்கைத் தினமும் பேப்பரில் பார்க்கிறார்கள். கல்லணையில் மேட்டூர் திறந்த மூன்று நான்கு நாளில் தண்ணீர் விட்டுவிடுவார்கள். ஆனால் கடைமடைக்கு அது எந்த வாரம் வரும் என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. எல்லாம் தாண்டி அறுத்து முடித்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி. நெல்லைக் களத்தில் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே படுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் அந்த ராத்திரிகளில் யாருக்குத் தூக்கம் வரும்?

இதை மூச்சுப் பயிற்சியால் சரிசெய்து விடலாம் என்று சொன்னால் அது பொய். எந்த வாய்க்காலில் எந்தத் தேதிக்குத் தண்ணீர், எந்த நிலையத்தில் எத்தனாவது டோக்கன் என்று முன்கூட்டிச் சொல்லி, சொன்னபடி நடந்தாலே ஆயிரக்கணக்கான வீடுகளில் மன அழுத்தம் குறையும். தண்ணீர் குறைவாகவே வந்தாலும், வரும் நாள் தெரிந்தால் மனசு தாங்கும். இதை விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனநலக் கோரிக்கையாகவே வைக்கலாம் என்பது என் கருத்து.

சின்ன வயசில் நடந்தது பெரியவரான பிறகும் பாதிக்குமா?

பாதிக்கலாம். பாதித்தே தீரும் என்று இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று நாலு, ஐந்து வயதாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் சொன்னாள், இப்போதும் ராத்திரியில் காற்று மாறினால் தன் பிள்ளைகளின் செருப்பை வாசலில் எடுத்துவைத்துவிட்டுத்தான் படுப்பாளாம், ஓட வேண்டி வந்தால் தேடக் கூடாது என்று. சின்ன வயசில் பெரிய ஆபத்தைப் பார்த்த உடம்பு, அதற்குப் பிறகு சிறிய அறிகுறிக்கும் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். அது உடம்பு கற்றுக்கொண்ட பாடம்.

மறுபக்கமும் இருக்கிறது. ஹவாயில் கௌவாய் என்ற தீவில் 1955-ல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பலவிதத் துன்பங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்ல, நம்பிக்கையுள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒரு விஷயம், பெற்றோராக இல்லாவிட்டாலும் தாத்தா பாட்டியோ, உறவினரோ, ஆசிரியரோ, அவர்களை விடாமல் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர். செருப்பை எடுத்துவைக்கும் அந்தப் பெண்ணை வளர்த்தது அவளுடைய அத்தை. "அத்தை இல்லன்னா நான் இல்ல" என்று அவளே சொன்னாள்.

பெண்களுக்கு இது வேறு மாதிரி வருமா?

உடம்பு வலியாக வரும். தலைவலி, இடுப்பு வலி, வயிற்றுப் பொருமல், நெஞ்சடைப்பு என்று டாக்டரிடம் போவார்கள், ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று அவமானப்பட்ட முகத்தோடு வருவார்கள். வலி உண்மை. காரணம் ஸ்கேனில் தெரிகிற இடத்தில் இல்லை. சொல்ல அனுமதி இல்லாததை உடம்பு சொல்கிறது. ஆண்களுக்கு இப்படி வராது என்று இல்லை, அவர்களுக்குக் கோபமாகவும் குடியாகவும் வெளியே போகிற வழி அதிகம் திறந்திருக்கிறது.

வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாமியார், பிள்ளைகள், வாரத் தவணை எல்லாவற்றையும் சுமப்பவள் அவள். பணம் அனுப்புகிறவர் வாட்ஸ்அப்பில் "எல்லாம் நல்லா இருக்கா" என்று கேட்டால் அவள் "நல்லா இருக்கு" என்கிறாள். அவரும் அங்கே பத்துப் பேர் இருக்கும் அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு "நல்லா இருக்கேன்" என்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் இந்தப் பொய்யால் இரண்டு பேருமே தனியாகிவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு அழைப்பிலாவது ஒரு கஷ்டத்தையாவது உள்ளபடி சொல்லிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது உண்டு.

பெண்களிடம் ஒரு பலமும் இருக்கிறது. ஆபத்து வந்தால் ஓடுவதும் சண்டை போடுவதும் மட்டும்தான் பதில் என்று எண்ணியிருந்த காலத்தில், ஷெல்லி டெய்லர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2000-ல் வேறொன்றைச் சொன்னார்கள். பிள்ளைகளை அணைத்துக்கொள்வதும் மற்றப் பெண்களோடு சேர்ந்துகொள்வதும் பெண்களிடம் அதிகம் காணப்படும் பதில் என்றார்கள். நம் ஊர் ஒப்பாரியைப் பாருங்கள். ஒருத்தி தோளில் இன்னொருத்தி கை போட்டு வட்டமாக உட்கார்ந்து, செத்தவரைச் சொல்லி அழும்போது தன் புருஷனைப் பற்றி, பிறந்த வீட்டைப் பற்றி, வாங்கின அடியைப் பற்றியும் சேர்த்து அழுதுவிடுவார்கள். வேறு எந்த நாளும் வாயைத் திறந்து சொல்ல முடியாததை அன்று ராகம் போட்டுச் சொல்லலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நடவு ஆட்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே நட்டதிலும் இது இருந்தது. இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது, சாவு வீட்டில் மைக் செட் பாடுகிறது. வேலை குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த வட்டம் போனது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஆண் பிள்ளை அழலாமா?

அழலாம். அழுகிறவரை யாரும் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் போதும்.

குடித்தால் டென்ஷன் குறைகிறதே, அதை ஏன் தடுக்கிறீர்கள்?

குறைகிற மாதிரி இருப்பது நிஜம். சாராயம் நரம்புகளை மந்தப்படுத்துகிறது, சீக்கிரம் கண் சொருகுகிறது. ஆனால் அந்தத் தூக்கம் நடு ராத்திரியில் உடையும். மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொண்டு, வட்டிக் கணக்கு முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். மறுநாள் அதை அடக்க இன்னும் கொஞ்சம் கூடத் தேவைப்படும். கவலையை நிறுத்தக் குடிக்க ஆரம்பித்தவர், கொஞ்ச நாளில் குடியை நிறுத்த முடியாத கவலையில் இருப்பார். பல வருஷம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். அரசு மருத்துவமனையில் சேர்ந்து டாக்டர் கண்காணிப்பில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

கோயிலுக்கு வேண்டிக்கொண்டால் போதாதா?

போகிறவரை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. நாகூர் தர்காவிலும் வேளாங்கண்ணி மாதா கோயிலிலும் எல்லா மதத்தவரும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மாதாவின் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடந்தே வருகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். நடை, கூட்டம், பாட்டு, தன் பாரத்தைத் தன்னைவிடப் பெரிய ஒருவரிடம் இறக்கிவைத்த நிம்மதி, இவை எல்லாமே மனசுக்கு நல்லது. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிடும்போது வரும் சந்தோஷத்தை எந்த மாத்திரையும் தராது.

நம்பிக்கை பலம் தருகிறதா, தண்டனையாகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். "சாமி கூட இருக்கு, பார்த்துக்கும்" என்கிறவர் தாங்கிவிடுகிறார். "நான் என்ன பாவம் செஞ்சேனோ, சாமி என்னைத் தண்டிக்குது" என்று சுருங்குகிறவருக்கு அழுத்தம் கூடத்தான் செய்கிறது.

திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநலம் பாதித்தவர்களைக் கூட்டிவந்து 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் உண்டு. அங்கேயே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. தீர்த்தமும் மாத்திரையும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியதில்லை. சாமி கும்பிடுவதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள்.

சரி, நான் இன்றைக்கு என்ன செய்யலாம்?

முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதில் என் கை எட்டுகிற பகுதி எது?

கை எட்டுகிற இடத்தில் வேலையைச் செய்வதுதான் மருந்து. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய நவம்பர் நடுவில்தான் பெரும்பாலும் கெடு வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு, வாங்க வேண்டும். குத்தகைக்காரராக இருந்தால் அலைச்சல் இன்னும் அதிகம். மழையை நினைத்து ஒரு வாரம் புரண்டு படுப்பதைவிட, அந்த அடங்கலுக்கு ஒரு நாள் அலைவது மனசுக்கும் நல்லது. பேங்கில் கடனை மாற்றியமைக்கக் கேட்பதும் அப்படித்தான். கூச்சமாக இருந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கை எட்டாத இடத்தில், அதாவது மழை, அணை, நெல் விலை, போன உயிர், இவற்றில் மாற்ற முடிந்தது நம் உடம்பின் நிலையை மட்டும்தான். மூச்சை நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் போதும். மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. வேகுவேகென்று நடப்பதும், மண்வெட்டி பிடித்து வேர்ப்பதும் உடம்பின் பதற்றத்தைத் தணிக்கும். மனசில் உறுத்துவதை நாலு நாள் தொடர்ந்து ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம் எழுதிப் பார்ப்பது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் செய்து பார்த்தார், எழுதியவர்கள் பிறகு மருத்துவரிடம் போவது குறைந்தது. எழுத வராதவர் ஆட்டிடம் சொல்லுங்கள், மாட்டிடம் சொல்லுங்கள், வாயால் சொன்னாலும் சரிதான்.

இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிடக் கூடாது. அணைக்கு நீர்வரத்து எவ்வளவு என்று நாளுக்கு இருபது தடவை போனில் பார்ப்பவர், கை எட்டாத இடத்தில் வேலை செய்ய முயல்கிறார். அடங்கல் வாங்காமல் தியானம் செய்கிறவர், கை எட்டும் இடத்தில் சும்மா இருக்கிறார்.

பையன் ப்ளஸ் டூ படிக்கிறான், பேசவே மாட்டேன் என்கிறான். போனையே பார்க்கிறான்.

மார்க்கைப் பற்றிக் கேட்காத அரை மணி நேரம் தினமும் அவனுக்குக் கொடுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் போகும்போது, மாட்டுக்குத் தீனி வைக்கும்போது, பக்கத்தில் இருந்து ஒரு வேலையைச் செய்துகொண்டே பேச்சுக் கொடுங்கள். அவனுக்கு முன்னால் கடனைப் பற்றிச் சண்டை போட்டிருந்தால், அவன் போனில் ஒளிந்துகொள்வது அதனால்கூட இருக்கலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்? எங்கே போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், பிடித்த எதிலும் மனம் ஒட்டாவிட்டால், வேலைக்குப் போக முடியாமல் படுத்தே கிடந்தால் போங்கள். "நான் எல்லாருக்கும் பாரம்", "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அவர்கள் எந்தக் கிழமை வருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். விதைக்காது. கேட்டதும் "ஆமா" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டபின் அவரைத் தனியாக விடாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் வேண்டாம். 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிப்பதற்குப் பதில் சிகிச்சை கொடுக்க வேண்டும்.

பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தாங்க முடியாத அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஊருக்குப் பொதுவாகப் பூட்டுப்பெட்டிகள் வைத்து, மருந்தை அங்கே வைக்கச் செய்தார்கள். அந்த ஊர்களில் இறப்புகள் குறைந்ததை 2013-ல் வெளியிட்டார்கள். உங்கள் ஊரிலும் கூட்டுறவுச் சங்கத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

"எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இல்லையா" என்றும் சொல்லாதீர்கள். அவரவர் கஷ்டம் அவரவருக்கு முழுசு. போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்பா திண்ணையில் இருந்த அந்த மூன்று மாதமும், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு மாமா தினமும் நாலு மணிக்கு வருவார். அவருடைய தோப்பும் போயிருந்தது. ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார், இரண்டு டம்ளரில் ஊற்றுவார், குடித்து முடித்ததும் போய்விடுவார். புத்திமதி ஒன்றும் சொன்னதில்லை. சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அம்மாவுக்கே எரிச்சல் வந்தது, வந்து வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறாரே என்று.

மாசிமாதம் ஒருநாள் டீ இல்லாமல் வந்தார். கையில் கயிறு இருந்தது. தென்னைக்கு இருபத்தைந்து அடிக்கு ஒரு குழி வெட்ட வேண்டும், தனியாக அளந்தால் கயிறு கோணுகிறது என்றார். "மச்சான், ஒரு முனைய மட்டும் பிடிச்சுக்க" என்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.